பழைய டீசல் சொகுசு செடான்: பார்த்து வாங்கவும், வாங்கியதைக் காப்பாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து, இருபது வருடம் ஓடிய பெரிய டீசல் செடான் ஒன்று, புதிதில் விற்ற விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைத்துவிடும். வண்டியின் விலைதான் அப்படி இறங்கும், உதிரிபாகங்களின் விலை இறங்காது. டர்போவும் ஏர் சஸ்பென்ஷனும் கியர் பாக்ஸும் அந்த வண்டி ஷோரூமில் நின்ற காலத்துக் கணக்கிலேயே காசு கேட்கும். அதனால் கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் பாதியளவாவது முதல் வருடத்துக்கென்று தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

விற்பவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார்." பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். இந்த வகை டீசல் இன்ஜின்கள் லேசில் சாகாது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், வயரிங், வேக்குவம் குழாய், கூலண்ட், கியர் ஆயில், அடித் தகரம் ஆகியவைதான் வாங்கியவரைப் படுத்தும். வண்டி பார்க்கப் போகும்போது கண் அங்கேதான் இருக்க வேண்டும்.

எந்தத் தலைமுறை வேண்டும்?

மாடலைத் தேடுவதற்கு முன்னால் இன்ஜின் தலைமுறையை முடிவு செய்யுங்கள். டீசல் செடான்களை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மெக்கானிக்கல் பம்ப் காலம். 1976-ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123, 1984-ல் வந்த டபிள்யூ 124 போன்றவை. ஓஎம் 617 என்ற ஐந்து சிலிண்டர் இன்ஜின் இந்தக் கூட்டத்தின் தலைமகன். 1978-ல் வந்த 300 எஸ்டி, டர்போ டீசலோடு தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார். அதில் இருந்ததும் இந்த இன்ஜினின் டர்போ வடிவம்தான். இவற்றுக்கு கம்ப்யூட்டர் தேவையில்லை. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். பிக்கப் மந்தம், சத்தம் அதிகம், புகை கொஞ்சம் உண்டு. இன்றைய நெடுஞ்சாலையில் அவசரப்படாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு ஏற்றவை.

இரண்டாவது, 1997-ல் பயணிகள் கார்களுக்கு வந்த காமன் ரெயில் காலம். எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் (ரெயில்) டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைத்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் முறை இது. மெர்சிடிஸின் முதல் சிடிஐ இன்ஜின்கள், பிஎம்டபிள்யூவின் எம் 57 ஆறு சிலிண்டர், ஆடியின் மூன்று லிட்டர் வி6 டிடிஐ எல்லாம் இங்கே வரும். டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சும் பழைய ப்ரீ-சேம்பர் இன்ஜினில் நாசில் நூற்றுச் சொச்சம் பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) திறக்கும். இங்கே ரெயிலில் அழுத்தம் 1350 பாரில் தொடங்கி மேலே போகும். இழுவையும் அமைதியும் வேறு ரகம். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) பொருத்தப்படாத ஆறு சிலிண்டர் காமன் ரெயில் வண்டி ஒன்று, சர்வீஸ் சரித்திரத்தோடு கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, டிபிஎஃப், ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்கத் தனியே ஊற்றும் திரவம்), பீசோ இன்ஜெக்டர் (மிக வேகமாகத் திறந்து மூடும் டீசல் நாசில்) எல்லாம் சேர்ந்த காலம். ஓட்ட அருமையானவை. ஆனால் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் இவற்றைத் தொடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் இருக்கும் இடத்தில் பழைய டீசலுக்கு வயது வரம்போ நகர நுழைவுத் தடையோ உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பதிவைப் புதுப்பிக்க முடியாத வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

காகிதங்களில் தேட வேண்டியது

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். பில்களை நம்புங்கள். ஆயில் எப்போது மாற்றினார்கள், எந்தத் தரத்து ஆயில், கியர் பாக்ஸ் ஆயில் ஒரு தடவையாவது மாற்றினார்களா என்று தேடுங்கள். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, பில் கட்டு தடிமனாக இருக்கும் வண்டி, எண்பதாயிரம் ஓடியதாகச் சொல்லி ஒரு காகிதமும் காட்டாத வண்டியைவிட நல்லது. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங்கில் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் நசுங்கியிருந்தால் எண்பதாயிரம் என்ற கதை அங்கேயே முடிந்தது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் நான்கு விதமான மலிவு பிராண்டாக இருந்தால், ஆயில் விஷயத்திலும் அந்த ஆள் அப்படித்தான் நடந்திருப்பார்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் போங்கள். போனதும் பானெட்டைத் திறந்து வால்வு கவரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் எதையோ மறைக்கிறார்கள். வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

சில்லென்று இருந்தால் சாவியைப் போட்டு, ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டாக உதவ சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நல்ல டீசல் ஓரிரு நொடியில் பிடித்துக்கொள்ளும். ஒரு குப்பென்ற புகை வந்து மறையும். ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்துக்கு ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் குலுங்கி, டீசல் நெடியோடு வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியானால் ஒரு ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எளிது. பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். போன பிளக்கில் இணைப்பே இருக்காது. ஆனால் புதிய தலைமுறை இன்ஜின்களில் மெல்லிய ஹீட்டர் பிளக் ஹெட்டிலேயே இறுகிப்போய், கழற்றும்போது ஒடிந்துவிடும். சின்ன வேலை என்று விற்பவர் சொன்னால் அவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள்.

சூடான பின்பும் நிற்காத வெள்ளைப் புகையில் இனிப்பு வாசம் இருந்தால் கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் காற்றுப் பஞ்சம்தான் காரணம்: அடைத்த ஏர் ஃபில்டர், கார்பன் ஏறிய இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு), கிழிந்த டர்போ ஹோஸ். ஹோஸ் மட்டும்தான் என்றால் சந்தோஷப்படுங்கள், விலை பேச நல்ல காரணம்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதை அப்படியே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். பழைய ஓஎம் 617-ல் மூடி லேசாகத் துள்ளும், அது வழக்கம். தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) கீழே இறங்குகிறது என்று பொருள். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் இல்லாமல் பேரம் பேசக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசலில் புது ஆயிலும் ஒரே நாளில் கறுத்துவிடும். அளவுதான் முக்கியம். டிபிஎஃப் உள்ள வண்டியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. நிறையப் பேர் இதை "ஆயில் நல்லா ஊத்தியிருக்காங்க" என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாடலுக்கு மாடல் இருக்கும் வியாதிகள்

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஊரறிந்த ஒரு நோய் உண்டு. தெரிந்து போனால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

டபிள்யூ 123, 124-ல் வேக்குவம்தான் (காற்றை உறிஞ்சி உருவாக்கும் வெற்றிடம்) கதாநாயகன். டீசலில் பெட்ரோல் வண்டிபோல் திராட்டிலில் வேக்குவம் உருவாகாது, தனிப் பம்ப் வைத்துத்தான் உருவாக்குகிறார்கள். பிரேக் பூஸ்டர், சென்ட்ரல் லாக், ஆட்டோமேட்டிக் கியர், இன்ஜினை அணைப்பது எல்லாமே அதை நம்பித்தான். சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது. அதற்காகவே பானெட்டுக்குள் ஸ்டாப் என்று எழுதிய ஒரு லிவர் வைத்திருக்கிறார்கள், அதை அழுத்தி அணைக்கலாம். சென்ட்ரல் லாக்கில் கசிவு இருந்து கியர் முரட்டுத்தனமாக விழுவதும் உண்டு; கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயந்தவர்களுக்கு ஒரு ரப்பர் மூட்டு மாற்றி வேலை முடிந்திருக்கிறது.

முதல் சிடிஐ இன்ஜின்களில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசியும். மேல் கவரைக் கழற்றினால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியதுபோல் கறுப்பாக இறுகிக் கிடக்கும். சக் சக் என்று ஒரு சத்தமும் டீசல் புகை வாசமும் கேபினுக்குள் வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் வாஷரும் போல்ட்டும் மட்டும்தான் செலவு. வருடக்கணக்கில் விட்டிருந்தால் இன்ஜெக்டரை வெளியே எடுப்பதே பெரும்பாடு.

2005-ல் வந்த ஓஎம் 642 என்ற மூன்று லிட்டர் வி6-ல், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கும். அதன் சீல் காய்ந்து ஆயில் பள்ளத்தில் நிறைந்து, பின்பக்கம் கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பின் கிராங்க் சீல்தான் போய்விட்டது என்று பலர் தவறாக முடிவு செய்வது இதை வைத்துத்தான். சீல் விலை மிகக் குறைவு. அதற்காக டர்போவையும் இன்டேக்கையும் கழற்ற வேண்டும் என்பதால் கூலி ஏறிவிடும். மாற்றும்போது மேம்படுத்தப்பட்ட ஊதா நிற வைட்டான் சீலைக் கேட்டு வாங்குங்கள்.

பிஎம்டபிள்யூ எம் 57-ல் இன்டேக்கில் இருக்கும் சுழல் தகடுகள் ஒடிந்து சிலிண்டருக்குள் விழக்கூடும். அவற்றை எடுத்துவிட்டு அடைப்பான் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். என் 47 நான்கு சிலிண்டரில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் செயின் தேய்வது அதிகம். பின்னால் இருந்து சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

2002 முதல் 2006 வரையிலான மெர்சிடிஸ் டபிள்யூ 211 இ-கிளாஸில் எஸ்பிசி என்ற மின் பிரேக் அமைப்பு உண்டு. பிரேக் மிதித்த எண்ணிக்கையை அதுவே கணக்கு வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் மாற்றச் சொல்லும். பம்ப் எப்போது மாற்றினார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள எந்த வண்டியாக இருந்தாலும், இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு மூலை தரையோடு படுத்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடித் தகரம்

துரு விஷயத்தில் இரக்கமே காட்டக் கூடாது. இன்ஜினை மாற்றலாம், அழுகிய பாடியை மாற்ற முடியாது. டபிள்யூ 123-ல் ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடி, சக்கர வளைவுகள், கார்பெட்டின் கீழே தரை. 1995-ல் வந்த டபிள்யூ 210-ல் முன் ஸ்பிரிங் தாங்கும் தகடு துருப்பிடித்துப் பிய்ந்துவிடும். ஓடும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனால் பட்டி பூசிய இடங்களில் அது ஒட்டாது.

ஓட்டிப் பார்க்கும்போது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஊருக்குள் பத்து நிமிடம் போதாது. வெப்பநிலை முள் ஏறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. டிபிஎஃப் வண்டியில் இது முக்கியம், இன்ஜின் சூடேறாவிட்டால் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது. ஆயில் பிரஷர் முள் இருக்கும் பழைய மெர்சிடிஸில், ஓடும்போது அது 3-ல் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். சூடான ஐடிலிங்கில் இறங்குவது இயல்பு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் உடனே ஏற வேண்டும்.

ஐடிலிங்கில் சீட் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங். புறப்படும்போது அடியில் டொக்கென்று தட்டினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி விழ வேண்டும்.

காமன் ரெயில் வண்டி என்றால் ஸ்கேனர் போடாமல் முடிவெடுக்காதீர்கள். பழுதுக் குறியீடுகளை மட்டும் பார்த்தால் போதாது, அவற்றை முதல் நாள் அழித்திருக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் (இன்ஜின் சீராக ஓட கம்ப்யூட்டர் அதற்குக் கூட்டியோ குறைத்தோ விடும் டீசல்) பாருங்கள். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது, ஒன்று மட்டும் விலகி நின்றால் அதற்குக் காலம் நெருங்கிவிட்டது. டிபிஎஃப்பில் சாம்பல் அளவும், கடைசியாகச் சுத்தமான பிறகு ஓடிய தூரமும் தெரியும். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்த ஃபில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும்.

வாங்கிய முதல் மாதம்

எது எப்போது மாற்றியது என்று தெரியாத எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்கு தொடங்கும். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயிலும் அதன் ஃபில்டரும், பின் டிஃபரென்ஷியல் ஆயில்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும்: மெர்சிடிஸுக்கு 229.51, பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, ஆடிக்கு 507.00 என்று டப்பாவில் எழுதியிருக்கும். கையேடு எவ்வளவு நீண்ட இடைவெளி சொன்னாலும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்தில் மாற்றுங்கள். டர்போவும் டைமிங் செயினும் வாழ்வது இதில்தான்.

பழைய டீசல் ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். கறுப்பாகக் கொழகொழவென்று படிந்தால் டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. அதற்கென்று மருந்து விற்கிறது, ஊற்றிய பின் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஃபில்டர் மாற்ற வேண்டிவரும். காமன் ரெயில் வண்டியில் வெளிச்சத்தில் மினுமினுக்கும் உலோகத்தூள் தெரிந்தால் பம்ப் தேய்ந்துகொண்டிருக்கிறது, உடனே நல்ல டீசல் பம்ப் பட்டறையில் காட்டுங்கள்.

"வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்பட்ட கியர் ஆயிலை நம்பி நாசமான கியர் பாக்ஸ்கள் ஏராளம். 60,000 முதல் 80,000 கி.மீ.க்குள் மாற்றுங்கள். மெர்சிடிஸ் 722.6 கியர் பாக்ஸில் டிப் ஸ்டிக்கே கிடையாது. ஆயிலைச் சூடாக்கி, தனி அளவுகோல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூலண்டில் நிறத்தைப் பார்த்துக் கலக்காமல், உற்பத்தியாளர் சொன்ன வகையைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு ஊற்றுங்கள்.

ஓஎம் 617 வைத்திருப்பவர்கள் சுமார் 24,000 கி.மீ.க்கு ஒருமுறை டேப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) செய்ய வேண்டும்: குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ., டர்போ என்றால் 0.35. இதை விட்டுவிட்டால் கம்ப்ரஷன் மெல்லக் குறைந்து, காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு வரும். இன்ஜின் போய்விட்டது என்று விற்றுவிடுவார்கள். நாசில்களுக்கு நடுவே ஓடும் துணி சுற்றிய மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுங்கள், காசு பெரிதாக ஆகாது.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜின் ஓடும்போது நாசில் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓட்டும் முறை

டிபிஎஃப் தன்னிடம் சேரும் கரியை 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் எரிக்கும். அதற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். ஐந்து நிமிடம் ஓடி அணைப்பவர்களின் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று, மிச்ச டீசல் ஆயிலில் இறங்கும். முன்னால் சொன்ன, மேல் கோட்டைத் தாண்டும் ஆயில் இப்படி வருவதுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் வேகமாகச் சுற்றி, சூட்டு வாசம் வந்தால் சுத்தம் நடக்கிறது. அப்போது அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு வாருங்கள். பழைய வண்டிகளுக்கும் இந்த நீண்ட ஓட்டம் நல்லது, இன்டேக்கில் கார்பன் சேர்வது குறையும்.

குளிர்ந்த இன்ஜினை முறுக்காதீர்கள். வேகமாக ஓட்டி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், டர்போ பேரிங் ஆறட்டும்.

டர்போ சீல் மோசமாகப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு தானாக வேகம் எடுக்கும். புகை மண்டும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விடுங்கள், அணைந்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் காற்று போகும் வாயைத் தட்டையான கனத்த பலகையால் அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ முயலக் கூடாது. ஏற்கெனவே உச்ச வேகத்தில் அலறிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போகாமல் எல்லோரையும் இறக்கித் தள்ளி நில்லுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.

மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால்தான் ஈரம் தங்கி, அந்தக் கறுப்புச் சேறு வளரும். புது ஆயில் ஊற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைக்கும் பழக்கம் வேண்டாம், அது ஆயிலில் ஈரத்தையும் டீசலையும்தான் சேர்க்கும். எடுப்பதானால் இன்ஜினும் கியர் பாக்ஸும் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.